ஏலக்காய் மூட்டைக்குள் மூன்று வருஷம்

கல்யாணமாகிப் போடிக்கு வந்த நாலாவது மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காய்கறி வாங்கிக்கொண்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து புஸ் புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், என் வீட்டுக்காரரின் அக்கா, அதாவது என் மதினி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் பம்பால் எங்கள் கம்ப்யூட்டருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பெட்டியின் பக்கவாட்டுத் தகடு கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. நாலு திருகாணிகளும் ஒரு காப்பித்தூள் டப்பாவின் மூடிக்குள் பத்திரமாக இருந்தன. உள்ளே இருந்த சின்ன மின்விசிறி சுற்றிவிடாதபடி அதன் இதழ்களுக்கு நடுவே ஒரு விளக்குமாற்று ஈர்க்குச்சி. காய்கறிப் பை கையிலிருந்து நழுவி, தக்காளி நாலு பக்கமும் ஓடியது. மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தக்காளியப் பொறுக்கு மொதல்ல. நசுங்கிரப் போகுது" என்றார்.

அந்தக் கம்ப்யூட்டர் நான் சீதனமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது. மற்றப் பெண்கள் பீரோவும் கட்டிலும் கேட்பார்கள்; நான் என் அப்பாவிடம் கம்ப்யூட்டர் கேட்டேன். ஏலக்காய்ப் பூவுக்கு வருகிற தேனீக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்குவதாக எனக்கு ஒரு திட்டம். ஏலச்செடியின் பூ தலைக்கு மேலே பூக்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாக ஓடும் சரத்தில், வெள்ளையில் ஊதாக் கோடு போட்டுப் பூக்கும். அதற்கு எந்தத் தேனீ எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் உட்காருகிறது என்று பார்க்க வேண்டுமானால் விடிந்ததும் போய்ச் செடிக்கடியில் மண்டி போட வேண்டும். போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் மூன்று வருஷம் அப்படி மண்டி போட்டேன். அட்டை கடித்த தழும்பு இன்னும் என் கணுக்காலில் இருக்கிறது. முதல் வருஷம் எழுதிய குறிப்பேடுகள் மலை மழையில் ஊறி, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி, அப்பளக் கட்டாகிவிட்டன. பிரித்தெடுக்க முடிந்ததை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அதற்கப்புறம் எண்ணிக்கையானாலும் சரி, படமானாலும் சரி, தேனீ வந்து உட்கார்ந்து எழுந்து போகிற வீடியோவானாலும் சரி, எல்லாம் நேரே கம்ப்யூட்டருக்குள்தான்.

மதினி எங்கள் வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தார். அவர் வீட்டுக்காரர் வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறவர். மாதம் இரண்டு முறை தலை காட்டினால் அதிகம். ஒரே மகள் வெளியூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மதினி ஊருக்குள் ஏலக்காய் தரம் பிரிக்கிற ஒரு கடையில் பதினைந்து வருஷமாக வேலை. மலையிலிருந்து காய்ந்து வரும் காயை அங்கே சுளகில் கொட்டி, பெருவெட்டு, சிறுவெட்டு, வெடிப்பு, வெளுப்பு, சொறி என்று பெண்கள் பொறுக்குவார்கள். எதற்கும் உதவாமல் மிஞ்சுகிற பதர் சண்டு. பொறுக்குகிற பெண்களுக்கெல்லாம் மதினிதான் மேற்பார்வை. மற்றவர்கள் பொறுக்கி முடித்த சுளகை ஒரு தடவை தடவிப் பார்ப்பார். தப்பித் தங்கிய ஒரு சொறிக்காய் அவர் விரலில் வந்து ஒட்டிக்கொள்ளும். என்னையும் அந்தக் கண்ணால்தான் முதலில் பார்த்தார் என்று நினைக்கிறேன். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே கூரைக்குள் இருந்தால் தெருவுக்கே வேடிக்கை என்று என் அம்மா வீட்டில் பயமுறுத்தித்தான் அனுப்பினார்கள். நானும் இடுப்பில் கை வைத்துச் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

ஆனால் மதினிக்கு என்னைவிட என் கம்ப்யூட்டர் மேல்தான் அக்கறை. வாங்கி வைத்த முதல் வாரமே அதற்கு ஒரு பழைய கைத்தறிச் சேலையில் உறை தைத்துப் போட்டார். கடையில் ஏலக்காய்த் தோல் தூசி எப்படி மூக்கில் ஏறும் என்று தெரிந்தவராதலால், தூசி என்றால் அவருக்கு ஜென்மப் பகை. ஒருநாள் அது சூடாகித் தானாக அணைந்துபோனது. சரிபார்க்க வந்த கடைக்காரர் தகட்டைக் கழற்றித் தூசியை ஊதிவிட்டு, அவ்வளவுதான் என்று கிளம்பியதை மதினி பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறார். மறுமாதத்திலிருந்து அந்தச் சோலியைத் தானே எடுத்துக்கொண்டார். நான் பார்த்தது இரண்டாவது காற்றடிப்பாம். மூலையில் எறும்புக்குச் சாக்பீஸ் கோடு போட்டது, பல்லி ஏறாதபடி வயர் ஓட்டையைத் துணியால் அடைத்தது, மேகம் கறுத்தால் கரண்டு வயரையும் டெலிபோன் வயரையும் பிடுங்கிப் போட்டது எல்லாம் மதினிதான். போடியில் மேற்கு மலைமேல் இடி இறங்கினால் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். முதல் உறுமலிலேயே பின்கட்டிலிருந்து மதினி ஓடி வருவார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பேன்.

அவர் பத்தாவதோடு நின்றவர். கம்ப்யூட்டரை இயக்கக் கற்றுக்கொடு என்று என்னிடம் கேட்கவில்லை. அவர் கடையில் பில் போடுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அதைப் பார்த்துப் பார்த்தே பாதி கற்றிருந்தார். மீதியை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கற்றார். என் திரையில் கண்டபடி இறைந்து கிடந்த குறிகளைப் பார்த்து ஒருநாள் முகம் சுளித்தார். "என்னத்தா இது, சுளகுல கொட்டுன சண்டு கணக்கா இப்பிடிக் கெடக்கு? இதுல எது காயி, எது குப்பை?" ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு எல்லாம் இடம் தெரியும் மதினி, என்று நான் மிடுக்காகச் சொன்னேன். அந்த மிடுக்குக்கு வட்டியும் முதலுமாக எனக்குக் கிடைத்தது பிறகு வரும்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் கண்டிப்பானவர். சேகரித்ததற்கெல்லாம் இரண்டு பிரதி எடு, ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும் என்று அடிக்கடி சொல்லுவார். இணையத்தில் ஏற்றி வைத்திருக்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு இருந்த இணையத்தில் ஒரே ஒரு தேனீ ஏறி முடிப்பதற்குள் சோறு வடித்துவிடலாம். ஆகவே கையடக்கமான ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினேன். ஒன்றைக் கம்ப்யூட்டரிலேயே செருகி விட்டுவிட்டேன், எடுத்து வைக்கச் சோம்பல். இன்னொன்றை என்ன செய்வதென்று யோசித்தபோது மதினி தானாக முன்வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அதைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, புதிதாகச் சேர்ந்ததை ஏற்றி, திங்கட்கிழமை திரும்பக் கடைக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துவிடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமைகளில் நான் மலையிலிருந்து இறங்க நேரமாகிவிடும். அதனால் ஏற்றுகிற வேலையையும் மதினியே பார்த்துக்கொண்டார். "திரையில ஆய்வுன்னு மஞ்சள் பெட்டி இருக்குல்ல மதினி, அத அப்படியே பிடிச்சு டிஸ்க்குல போட்டாப் போதும்" என்று ஒருதரம் காட்டிக் கொடுத்தேன். தலையை ஆட்டினார். அத்தோடு அந்த விஷயம் என் மனசை விட்டு இறங்கிவிட்டது. இரண்டு வருஷத்தில் அந்த டிஸ்க்கை நான் ஒரு தடவைகூடக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரம் இருந்தது. இனிமேல் தவணை நீட்டிக்க முடியாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் ராசிங்காபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து வந்தது. மதினி இரண்டு நாள் முன்னாடியே போய் நிற்க வேண்டிய முறை. கிளம்பும்போதுகூடப் படியில் நின்று, "மேகம் போட்டா வயரப் பிடுங்கிப் போடு, மறந்துராத" என்றார். சரி மதினி, சரி மதினி என்று பஸ்சுக்கு அனுப்பி வைத்தேன். ஐப்பசி மாதம். மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கே மேற்கே கறுத்துவிட்டது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது, மொட்டை மாடியில் காயப்போட்ட துணி. ஓடிப்போய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, ஒரு கைக்குட்டை விடாமல் காப்பாற்றிக்கொண்டு படியில் இறங்கும்போது வெள்ளையாக ஒரு வெளிச்சமும், காது அடைக்கிற சத்தமும் ஒன்றாக வந்தன. கூடத்துக்குள் கருகின வாடை அடித்தது.

டெலிபோன் வயர் வழியாக இறங்கிய இடி மோடத்தைத் தாண்டிக் கம்ப்யூட்டருக்குள் போயிருந்தது. செருகியே கிடந்த டிஸ்க்கையும் விடவில்லை. சரிபார்க்கிற கடைக்காரர் பெட்டியைத் திறந்து, தொடக்கூட இல்லை, மோந்து பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். சென்னைக்கு அனுப்பினால் ஏதாவது தேறலாம், உறுதி சொல்ல முடியாது, மாதக்கணக்காகும் என்றார். எழுதி முடித்த இரண்டு அத்தியாயங்கள் மட்டும் பேராசிரியரிடம் இருந்தன. எண்ணிக்கையும் வீடியோவும் இல்லாமல் அந்த இரண்டு அத்தியாயங்களுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. என் வீட்டுக்காரர் ஆறுதலாக எதுவோ சொன்னார். அவர் மேலும் எரிந்து விழுந்தேன். மதினியிடம் இருக்கிறதல்லவா என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

காதுகுத்து முடிந்த மறுநாள் காலை முதல் பஸ்சிலேயே மதினி வந்துவிட்டார். வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துபோனது. "எங்கிட்ட இருக்குல்லத்தா. எதுக்கு அழுகுற? வா, வெரசா எடுத்துட்டு வந்துருவோம்" என்றார். கடைக்கு நடக்கும்போதுதான் அது எங்கே இருக்கிறதென்று கேட்டேன். பெருமையாகச் சொன்னார். வருகிற வியாபாரிகளுக்குக் காட்டுவதற்கென்று கடையில் ஒரு மூட்டை எப்போதும் இருக்கும். நல்ல பச்சைக் காய், உள்ளே கனத்த பிளாஸ்டிக் உறை, வாயை முறுக்கிக் கட்டிவிட்டால் காற்று புகாது. காயே நமத்துப்போகாத இடத்தில் டிஸ்க் எப்படி நமத்துப்போகும்? அதனால் மஞ்சப்பைக்குள் சுற்றி, மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் விட்டுப் புதைத்து வைத்திருக்கிறார். இரண்டு வருஷமாக அதற்குள்தான் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது என் ஆராய்ச்சி. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் மூலையைப் பார்த்த மதினி அப்படியே நின்றுவிட்டார். மூட்டை இருந்த இடத்தில் தரை மட்டும் வட்டமாக வெளுத்துத் தெரிந்தது. மதினி ஊரில் இல்லாத நாட்களில் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்திருக்கிறார். முதலாளி அவருக்குக் காட்ட மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளியிருக்கிறார். காய் கடகடவென்று சத்தம் போடாமல் நமத்துப்போயிருந்திருக்கிறது. வந்தவர் முன்னால் மானம் போய்விட்டதே என்று கோபத்தில், அந்த மூட்டையைத் திரும்ப மலைக்கே அனுப்பி, ஸ்டோரில் போட்டு மறுபடி காயவைத்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அன்றைக்குக் காலையில் ஆள் ஏற்றிப் போன ஜீப்பில் அதுவும் போய்விட்டது. "எத்தனையோ வருசமா நமக்காத மூட்டை, இப்ப எப்பிடி நமத்துச்சுன்னே தெரியல" என்று பொறுக்குகிற பெண்கள் அதிசயப்பட்டார்கள். எனக்குத் தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு தரம் வாயை அவிழ்த்துக் கையை விட்டால் எந்தக் காய்தான் நமக்காது? மதினிக்கும் தெரிந்தது. என் பக்கம் பார்க்காமல், "ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போவோம்" என்று முன்னால் நடந்தார்.

ஸ்டோர் என்றால் மலையில் ஏலக்காய் உலர்த்துகிற இடம். அடியில் விறகடுப்பு, அறைக்குள் சூட்டுக் குழாய், அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். ஆள் நுழைந்தால் நிமிஷத்தில் வேர்த்து விறுவிறுத்துப்போகும். அந்தச் சூட்டில் என் மூன்று வருஷம் வெந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு நிதானம் போய்விட்டது. ஜீப்பு மலையடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டி முதல் வளைவு ஏறுமுன்பே ஆரம்பித்தேன். "யாரக் கேட்டு மூட்டைக்குள்ள வச்சீங்க? பீரோன்னு ஒண்ணு இல்லையா? யாருகிட்டயாவது குடுத்து வச்சிருக்கக் கூடாதா?" மதினி மெல்லச் சொன்னார்: "வீட்டுக்கு வெளிய இருக்கணும்னு நீதானத்தா சொன்ன." நான் விடவில்லை. படித்தவர்கள் சொல்வதைச் சொன்னபடி செய்யத் தெரியாவிட்டால் எதற்காக முன்வர வேண்டும் என்று கேட்டேன். ஜீப்பில் எங்களைத் தவிர, தோட்டத்துக்குத் தாமதமாகப் போகிற இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் வெளியே பார்ப்பதுபோல உட்கார்ந்துகொண்டார்கள்.  மதினி ஒவ்வொரு வளைவிலும் நான் சரியாமல் இருக்க என் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். கையை உதறினேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மெட்டு தாண்டி, தோட்டத்துப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்து ஸ்டோருக்குப் போனபோது புகை போய்க்கொண்டிருந்தது. நான் ஓடினேன். ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர் வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். பேச்சில் பாதி மலையாளம். போடிக் கடை மூட்டை எங்கே என்று மூச்சு வாங்கக் கேட்டேன். "தட்டுல கொட்டியாச்சே சேச்சி. அதுக்குள்ள ஒரு பை கிடந்தது, உங்களோடதா? மஞ்சப் பை. பெட்டி மாதிரி எதுவோ. தொட்டா சில்லுன்னு ஈரமா இருந்தது." எடுத்து வெளியே வைத்திருக்கிறார், மகராசன், என்று நினைத்து நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன். அவர் சந்தோஷமாகச் சொன்னார்: "பாவம், நனைஞ்சு போச்சேன்னு அதையும் உணங்கிக் காயட்டும்னு உள்ள வச்சிருக்கேன். அடித்தட்டுல. ரெண்டு மணிக்கூர் ஆச்சு. இப்ப நல்லா உணங்கியிருக்கும்."

மதினி என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். வெளியே வரும்போது முந்தானையில் சுற்றி, சுட்ட பனங்கிழங்கைக் கைமாற்றுவதுபோல மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்தார். டிஸ்க்கின் ஒரு ஓரம் கொஞ்சம் நெளிந்திருந்தது. நான் உடனே ஸ்டோர்க்காரரின் ஆபீசுக் கம்ப்யூட்டரைத் தேடினேன். மதினி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "சூட்டோட மாட்டாத. சூட்டோட மூட்டை கட்டுனா வேர்த்துரும். ஆறட்டும்." ஆபீசு வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஸ்டோர்க்காரர் தன் தப்பு என்னவென்று புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். கீழே பள்ளத்தில் மேகம் ஏறி வந்து செடிகளை மூடியது, பிறகு விலகியது. மதினி டிஸ்க்கைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

ஆறினபின் மாட்டினேன். விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ சுழலும் சத்தம் கேட்டது. திரையில் 'ஆய்வு' என்று என் மஞ்சள் பெட்டி வந்து நின்றது. ஸ்டோர்க்காரரைக் கட்டிப் பிடிக்கலாமா என்று தோன்றிய சந்தோஷத்தில் அதைத் திறந்தேன். அப்படி எதுவும் இங்கே இல்லை என்றது. மறுபடி திறந்தேன், மறுபடி அதையே சொன்னது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டுத் திரையில் நான் மதினிக்குக் காட்டிக் கொடுத்தது பெட்டியே அல்ல. நிஜப் பெட்டி கம்ப்யூட்டருக்குள் வேறொரு இடத்தில் இருந்தது. திரையில் இருந்தது அதற்குப் போகிற வழியைக் காட்டும் வெறும் குறி. சீக்கிரம் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று நானே செய்து வைத்துக்கொண்டது, செய்ததையும் மறந்துபோனது. அந்தக் குறியைப் பிரதியெடுத்தால் குறிதான் வரும். அது காட்டுகிற கம்ப்யூட்டரோ கருகிக் கிடக்கிறது. இரண்டு வருஷமாக வாராவாரம் ஏலக்காய் மூட்டைக்குள் பத்திரமாகப் போய் வந்தது ஒரு கைகாட்டி மரம்! மூட்டை நமக்காமல் இருந்திருந்தாலும், ஜீப்பு ஏறாமல் இருந்திருந்தாலும், மதினி அதைத் தங்கப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. தப்பு முழுக்க என்னுடையது. மேசையில் தலையைச் சாய்த்து, அந்நியர் இடத்தில் இருக்கிறோம் என்கிற நினைப்பே இல்லாமல் அழுதேன்.

மதினி என் தோளைத் தட்டினார். "அத ஏன் தெறக்குற? அது சண்டு. கீழ எறக்கிப் பாரு."

கீழே இன்னொரு பெட்டி இருந்தது. ஆங்கில எழுத்தில், தமிழாக, 'நல்ல காய்' என்று பேர் போட்டிருந்தது. திறந்தேன். முதல் வருஷம், இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம். எண்ணிக்கைகள். படங்கள். ஒரு வீடியோவைச் சொடுக்கினேன். வெள்ளைப் பூவின் ஊதாக் கோட்டில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது, உள்ளே தலையை விட்டது, எழுந்து போனது. ஸ்டோர்க்காரர் பின்னாலிருந்து, "நம்ம தோட்டத்து தேனீச்சையா?" என்று கேட்டார்.

எப்படி மதினி, என்று கேட்டேன்.  அவர் சாயா டம்ளரை வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். "மொத வாரம் நீ சொன்னபடிதான் போட்டேன். கண்ணு மூடித் தெறக்குறதுக்குள்ள ஏறிருச்சு. எனக்கு மனசு ஒப்பல. ஒரு வருசத்துச் சோலி இம்புட்டு வெரசாவா ஏறும்? உத்துப் பாத்தா, அந்த மஞ்சப் பெட்டி ஓரத்துல மட்டும் சின்னதா ஒரு அம்பு. மத்தப் பெட்டி எதுலயும் அது இல்ல. சொறிக்காய் எங்கண்ணுக்குத் தப்புமா? திங்கக்கெழம கடைக் கம்ப்யூட்டர்ல போட்டுத் தெறந்து பாத்தேன். தெறக்கல. பெறகு வீட்டுல வந்து, அதத் தட்டுனா எங்க போகுதுன்னு பாத்து, அங்கேயே போயி மொத்தத்தையும் அள்ளுனேன். அன்னிக்குக் கறிக் கொழம்பு வச்சு எறக்குற வரைக்கும் ஏறுச்சு. அப்பத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. அதுக்குப் பெறகு ஒவ்வொரு திங்கக்கெழமையும் கடையில தெறந்து பாத்துட்டுத்தான் மூட்டைக்குள்ள வைப்பேன்."

அப்படியானால் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ஜீப்பில் அத்தனை பேச்சுப் பேசினேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே? "சொல்லி? வெந்து போச்சா இருக்கான்னே தெரியாதப்ப, நீ சொன்னதும் தப்புத்தான்னு ஒங்கிட்டச் சொல்லவா? படிச்ச புள்ளைக்குத் தெரியலன்னு நான் சொன்னா நல்லாவா இருக்கும்? அதான் நீ சொன்னதையும் வாராவாரம் ஒண்ணு போட்டேன், என்னோடதையும் ஒண்ணு போட்டேன்" என்றார்.  எங்கள் வீடுகளில் மன்னிப்பெல்லாம் வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் கிடையாது. இறங்கும்போது ஜீப்பில் முன் இருக்கையை அவருக்குப் பிடித்துக் கொடுத்தேன். வளைவுகளில் நானாகவே அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் காப்பி போட்டுப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கம்மி" என்றார். அன்றைக்கு எங்களுக்குள் இருந்த கணக்கு வழக்கெல்லாம் அந்த ஒரு சொல்லில் தீர்ந்தது.

ஆய்வேட்டைக் கெடுவுக்குள் ஒப்படைத்துவிட்டேன். நமத்த மூட்டைக்கு மதினி முதலாளியிடம் என்ன காரணம் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், மழைக்காலம் என்பார். இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பிரதி எடுப்பது எப்படி என்று மாணவிகளுக்கு ஒரு மணி நேரம் பேசுவேன். அவர்கள் பயபக்தியோடு குறித்துக்கொள்வார்கள். எங்கள் தெருவிலும் நல்ல இணையம் வந்துவிட்டது. என் கம்ப்யூட்டர் தினமும் தானாகவே எல்லாவற்றையும் எங்கோ ஏற்றிவிட்டு, ஏற்றியாயிற்று என்று ஒரு பச்சைக் குறியும் காட்டுகிறது. மதினி மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார். பேரனைப் பார்த்துக்கொள்கிறார், மருமகனின் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்வி.

சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். "எடுத்து வச்சியா?" வச்சாச்சு மதினி. "தெறந்து பாத்தியா?" பாத்தாச்சு மதினி என்று ஒருநாள் கூசாமல் பொய் சொன்னேன். பச்சைக் குறிதான் இருக்கிறதே, இதற்குமேல் என்ன பார்ப்பது? அந்தப் பக்கம் மதினி ம்ம் என்று இழுத்தார். சுளகில் விரல் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பிடியா? சரி, உள்ள என்ன இருந்துச்சு? ஒண்ணை எடுத்து வாசி, கேப்போம்."

இருங்க மதினி, திறக்கிறேன் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்கு ஓடினேன். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான் நடக்கிறது. நான் திறந்து, ஒரு வரியாவது வாசித்துக் காட்டுகிற வரைக்கும் அவர் போனை வைப்பதில்லை.